ஒரே வீட்ல ரெண்டு அடுப்பு
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம், நம்ம கம்பெனியும் வெளிநாட்டு கம்பெனியும் சேர்ந்து நடத்துற கூட்டுக் கம்பெனி பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நம்பிக்கை இருந்தா போதும்னு முடிச்சிருந்தீங்க, எனக்கு அது சரியா படல. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே. 1984ல பைக் செய்ய சேர்ந்த நம்ம ஹீரோவும் ஜப்பான் ஹோண்டாவும் 2010லதான் பிரியுறதா அறிவிச்சாங்க, ஆனா 1999லயே ஹோண்டா இங்க தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 2001ல ஆக்டிவா ஸ்கூட்டர இறக்கிட்டாங்க.

நான் இங்க பீன்யா தொழிற்பேட்டையில இப்படி ஒரு கூட்டுக் கம்பெனில (பேர் வேணாம்) பதினோரு வருஷம் டூல் ரூம்ல (அச்சு, கருவியெல்லாம் செய்யுற இடம்) இருந்தேன். வெளிநாட்டு பார்ட்னர் அனுப்புற டிராயிங்ல அளவெல்லாம் பக்காவா இருக்கும், ஹீட் ட்ரீட்மென்ட் (இரும்ப சூடாக்கி உறுதியாக்குறது) எத்தனை டிகிரி, எவ்ளோ நேரம்ங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கும், கேட்டா மெயில் பண்றோம்பாங்க, வராது. நாங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, லோக்கல் சப்ளையர் ரேட்ட கடைசி வரைக்கும் அவங்க கண்ணுல காட்டல.

பக்கத்துல ஓசூர்ல டிவிஎஸ் 2001ல சுசுகிய விட்டு பிரிஞ்சப்ப சொந்தமா ஆர் அண்ட் டி (ஆராய்ச்சிப் பிரிவு) வச்சிருந்தாங்க, அதனால அந்த வருஷமே அவங்க விக்டர் பைக் வந்துச்சு. எது பொது, எது தனி, பிரிஞ்சா பிராண்ட் யாருக்குன்னு அக்ரிமென்ட்லயே எப்படி எழுதுறதுன்னு ஒரு வக்கீல்கிட்ட கட்டுரை வாங்கிப் போடுங்க சார்.

ஒரு வாசகர், பெங்களூரு