தண்ணிக்குள்ள போன ஊரு

சேலம்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? சேர்வராயன் கோயில் திருவிழா நல்லபடியாக நடந்ததென்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை. மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் கேட்ட ஒரு கேள்வியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கிறது. பண்ணவாடியில் நந்தி தெரிகிறது என்றதும் அப்பா கிளம்பிவிட்டார். எல்லாரும் போனோம். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் அந்தப் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே நிற்கின்றன. தண்ணீர் விலகிய வண்டலில் ஆட்கள் நிலக்கடலை போட்டிருக்கிறார்கள். அப்பா கையை நீட்டி, "அங்கதான் நம்ம காடு, அதுக்கு மேக்கால கெணறு" என்று மகளுக்குக் காட்டினார். 1934-இல் அணை கட்டி முடித்த பிறகு பிறந்தவர் அவர். அந்தக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்தியதில்லை. தாத்தா சொல்லிச் சொல்லி, அவர் கண்ணில் அது அப்படியே நிற்கிறது.

எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் துக்கம் விசாரிக்கப் போனாலும் "தண்ணிக்குள்ள போன ஊருக்காரங்க" என்றுதான் அறிமுகம். தாத்தா சொன்னது முழுக்க நிலத்தின் கதை. இத்தனை ஏக்கர், இன்னார் வந்து அளந்தது, கைக்கு வந்த பணம் மாட்டுக்கும் வண்டிக்குமே போதாமல் போனது. அந்தக் கோபத்தை அப்பா அப்படியே வாங்கிக்கொண்டார். இன்றும் பத்திரத்தில் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அத்தையிடம் கேட்டால் வேறு கதை. அவருக்குச் சொன்னது அப்பாயி. அதில் ஏக்கர் கணக்கே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஊரைக் காலி செய்தார்களாம். வண்டியில் இடம் இல்லாததால் அம்மியை விட்டுவிட்டு, குழவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம் அப்பாயி. அந்தக் குழவி அத்தை வீட்டில் இருக்கிறது. இரண்டு முனையும் தேய்ந்து, கை பிடிக்கும் இடம் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருக்கும். கீழே இருக்கும் அம்மி புதுசு, குழவிதான் ஊர்க் கல். எந்த வீட்டுக் குழந்தைக்கு எந்தப் பாட்டு பாடினார்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து வண்டி கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள், எல்லாம் அத்தைக்குத் தெரியும். அப்பாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான்.

இப்போது மகளைப் பற்றிச் சொல்கிறேன். ஹாஸ்டலில் அவளோடு தங்கியிருக்கும் பெண்ணுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் அவர்கள் வீட்டில் குறுவைக்கு வேலை தொடங்கிவிடுமாம். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் பாட்டி பூத் தூவிக் கும்பிடுவாராம். இதைக் கேட்ட நாளிலிருந்து மகள், "நம்ம ஊரு மேல நிக்கிற தண்ணிதான் அவங்க வயலுக்குப் போகுது" என்று பெருமையாகச் சொல்கிறாள். கரையில் நின்று என் அப்பாவிடமே கேட்டாள்: "இன்னும் கோபமா தாத்தா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து மனசு இரண்டாக இருக்கிறது. அவள் பெருமையில் தப்பில்லை. ஆனால் கொடுத்தோம் என்று அவள் சொல்கிறாள். அன்றைக்கு யாரும் எங்களைக் கேட்டு வாங்கவில்லை. அவள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை போகும்போது கோபம் உதிர்ந்து பெருமை மட்டும் மிஞ்சினால், தாத்தா அதில் இருக்கமாட்டார். கோபம் மட்டும் மிஞ்சினாலோ அப்பாயி இருக்கமாட்டார். அதனால் அத்தையை அவளிடம் உட்காரவைத்துப் பேச்சை மொபைலில் பதிவுசெய்யச் சொல்லியிருக்கிறேன். நடுவே அப்பா குறுக்கிட்டுத் திருத்துகிறார், அதுவும் பதிவாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூன்று பேர் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்று கல்லூரி நாட்களில் சொல்வாயே. அதை உனக்கு யார் சொன்னது, அப்பாவா பாட்டியா? அந்த மூவரோடு வந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்வதுண்டா? மகளுக்கு நேரில் கேட்க ஆசை. அவளுக்குக் கல்லூரி திறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வரலாம் என்றிருக்கிறோம். உன் அம்மாவுக்கு எந்த வாரம் தோது என்று கேட்டுச் சொல். மாம்பழம் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்