சேமிப்பு வங்கியின் லாபமும் உன் காசும்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மீன் விலையைத்தான் கேட்க ஏலாது.

தேசிய சேமிப்பு வங்கியின் லாபம் ஏறியிருக்கிறதே, வங்கி வளர்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். இல்லை என்பேன். இதற்கு நடைமுறைக் கணக்கும் காசோலையும் கிடையாது. வைப்பில் குறைந்தது 60 சதவீதம் அரசாங்கப் பிணையங்களில், அதாவது அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களில், கிடக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே வருமானத்தில் பெரும்பங்கு திறைசேரி முறி என்கிற நீண்டகாலப் பத்திரத்தின் வட்டிதான்.

வில்லங்கமும் அங்கேதான். முறிக்குப் பல வருடம் ஒரே வட்டி. எங்கட ஆக்கள் போடும் வைப்போ வருடாவருடம் புதுப்பிக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளை இழுத்துச் செல்லும் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றிவிட்டது. வைப்பாளருக்குப் புது வட்டி, கையிலுள்ள முறிக்குப் பழைய வட்டி: லாபம் நடுவில் நசிந்தது. 2023 ஜூனிலிருந்து வட்டி இறங்க, எல்லாம் தலைகீழ். வைப்பு மலிவாகியது, கூடிய வட்டிக்கு வாங்கிய முறிகள் பெட்டியில் இருந்தன. சோளகம் வீசும்போது பாய் விரித்த வள்ளம் ஓடியது, அவ்வளவுதான்.

அந்த முறிகள் முதிர்ந்தால் புதிதாக வாங்குவது குறைந்த வட்டிக்கு. பிறகு கைகொடுக்க வேண்டியது கடன். வீட்டுக் கடன், நகை அடகு எவ்வளவு கூடியது, அதில் எவ்வளவு அறவிட முடியாமல் நிற்கிறது என்று பார். நான் கண்டமட்டில், நிலாவெளியில் விடுதி போடுகிறவனும் கிண்ணியாவில் வயல் செய்கிறவனும் கடனுக்கு வேறு வங்கிக்குத்தான் போகிறார்கள். சேமிப்பு வங்கி அவர்களுக்குக் காசு போட்டுவைக்கிற இடம். பலருக்கு அதுவும் தபாற்கந்தோர்ப் புத்தகம்தான். இது மாறாமல் பெரிய வளர்ச்சி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் சேமலாப நிதிக் காசை இந்த வங்கியில் போடலாமா என்பது வேறு கதை. இங்கே முதலுக்கும் வட்டிக்கும் அரசாங்கம் முழுப் பொறுப்பு. தனியார் வங்கியில் வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் வரைதான். ‘2022 இல் கடன் கட்ட ஏலாது என்று கைவிரித்ததும் அதே அரசாங்கம்தானே’ என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. அது வெளிநாட்டுக் கடன். ரூபாய் வைப்பைத் தின்றது பணவீக்கம். அந்த செப்டம்பரில் கிட்டத்தட்ட 70 சதவீதம்!

முழுவதையும் ஒரே நாளில் முதிரப் போடாதே, பாதியைப் பிந்தி முதிரும்படி போடு. வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழியும், அதையும் கணக்கில் எடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி