முதலில் ஊருக்குப் போ, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அடுத்த மாதம் உன் அத்தையும் மாமாவும் பார்சிலோனா வருகிறார்கள், அவர்களையும் தாஉல் என்கிற மலையூரில் இருக்கிற அந்தப் பழைய கிறிஸ்தவக் கோவிலுக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்றாயே, அதைப் பற்றித்தான். போனில் சொன்னால் பஸ்ஸில் நின்றுகொண்டே "சரிப்பா, சரிப்பா" என்பாய், ஒன்றும் காதில் ஏறாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்களைக் கூட்டிப்போனபோது முதல் நாள் பார்சிலோனா மியூசியம், மறுநாள் ஊர் என்று வைத்தாய். அதை மாற்று. முதலில் தாஉல் ஊருக்குப் போ, அப்புறம் மியூசியம். ஏன் என்றால், அந்தக் கோவில் சுவரிலிருந்து பெயர்த்து மியூசியத்தில் வைத்திருக்கிற பெரிய இயேசு ஓவியத்தைப் பார்த்து வாயடைத்துப் போயிருந்த நான், மறுநாள் நாலு மணி நேரம் காரில் வளைந்து வளைந்து ஏறி அந்தக் கோவிலுக்குள் நுழைந்ததும், பீடத்துக்குப் பின்னால் வெறும் சுவரைப் பார்த்து, திருட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்தவன் மாதிரி ஆகிவிட்டேன். கோபத்தில் கட்டடத்தையே பார்க்கவில்லை. நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவன் ஒரு கட்டடத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தேன் என்றால் பார்த்துக்கொள். இங்கே வந்து உன் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது.

அந்தக் கோபுரத்தையே எடுத்துக்கொள். அடித்தளத்துக்கு மேல் ஆறு மாடி, ஆனால் இடுப்பே இல்லாத ஒல்லிப் பெண் போல நேராக ஏறுகிறது. ஒவ்வொரு மாடி முடிகிற இடத்திலும் சின்னச் சின்ன வளைவுகளைத் தோரணம் கட்டினாற்போல வரிசையாக வைத்து, அதற்கு மேலே கல்லின் மூலை வெளியே நீட்டுகிற மாதிரி திருப்பி வைத்து ஒரு ரம்பப் பல் வரிசை ஓட்டியிருக்கிறான். நாம் கைப்பிடிச் சுவரில் செங்கலைக் கோணலாக வைத்து அழகு காட்டுவோமே, அதே வித்தைதான். வெயில் அடித்தால் அந்தப் பல்லுக்குக் கீழே நிழல் விழும், செதுக்காமலே செதுக்கின மாதிரி இருக்கும். இத்தாலியின் லொம்பார்டிப் பக்கத்துக் கொத்தர்கள் கொண்டுவந்த பாணியாம். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

உள்ளேயும் ஆடம்பரம் கிடையாது. நீளவாக்கில் மூன்று பத்தியாகப் பிரித்த கூடம், நடுவில் உருண்டைத் தூண்கள், கூரை மரம். கல்லால் வளைத்து மூடியிருந்தால் சுவரை இன்னும் தடிமனாக எழுப்ப வேண்டியிருக்கும், மரம் என்பதால் தப்பித்தார்கள். கிழக்கே மூன்று அரைவட்ட மாடங்கள், நடுவில் இருப்பதுதான் பெரியது. ஒரு தூணில் பெயின்ட்டால் எழுதிவைத்திருந்தார்கள்: ரோடா ஊர் ஆயர் (பிஷப்) ராமோன் 1123 டிசம்பர் 10 அன்று சந்த் கிளிமென்ட் என்கிற புனிதர் பெயரால் இந்தக் கோவிலைப் புனிதப்படுத்தி அர்ச்சித்தார் என்று. நம் ஊரில் கல்லில் வெட்டுவதை அவர்கள் சாந்தின் மேல் எழுதியிருக்கிறார்கள். (அதையும் பெயர்த்து மியூசியத்துக்குத்தான் கொண்டுபோனார்கள்.) மறுநாளே, டிசம்பர் 11, நாம் காபி குடித்தோமே அதற்கு மேலே உள்ள சாந்தா மரியா கோவிலையும் அதே ஆயரே அர்ச்சித்திருக்கிறார். அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு நாளில் இரண்டு கோவில்! ஏரில் குடும்பத்துப் பிரபுக்கள் அரகோன் ராஜாவோடு சண்டைக்குப் போய்க் கொண்டுவந்த பணம் என்கிறார்கள்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். "பெயர்த்தது திருட்டு" என்று நான் கத்தினேன், "விட்டிருந்தால் அமெரிக்கா போயிருக்கும்ப்பா" என்று நீ கத்தினாய், அம்மா பாவம் பின் சீட்டில் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நீ சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. முர் என்கிற ஊரின் மாதா கோவில் ஓவியம் அப்படித்தான் விலைக்குப் போய் பாஸ்டன் மியூசியத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பதறித்தான் பார்சிலோனா மியூசியக்காரர்கள் இத்தாலிய ஆட்களை வைத்து, 1919-லிருந்து 1923 வரை அந்த மலைக் கோவில்களின் சுவர்களை உரித்தார்கள். உரித்தார்கள் என்றால் நிஜமாகவே உரிப்புதான். ஓவியத்தின் மேல் துணியைப் பசை போட்டு ஒட்டுவார்கள், மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசை மாதிரி ஒன்று. அது காயக் காய இறுகி, வண்ணத் தோலைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொள்ளும். ஓரத்தில் கத்தியால் கீறி மெதுவாக இழுத்தால் இயேசு துணியோடு வந்துவிடுவார். பாய் மாதிரி சுருட்டிக் கோவேறு கழுதையில் ஏற்றி மலையிறக்கினார்கள். ஒரு சுவரில் நல்ல பூச்சு பூசுவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவனுக்கு இதைக் கேட்க வயிறு கலங்குகிறது, ஆனால் வேலை சுத்தம், அதையும் சொல்ல வேண்டும்.

அதனால் அத்தை மாமாவைக் கூட்டிப்போகும்போது முதலிலேயே கதையைச் சொல்லாதே. அவர்கள் வெறும் சுவரை வெறும் சுவராகவே பார்க்கட்டும். 2013-லிருந்து அந்த மாடத்தின் மேல் வெளிச்சத்தாலேயே பழைய ஓவியத்தைக் காட்டுகிறார்களே, கோடு கோடாக எழும்பி, நிறம் ஏறி, கடைசியில் முழுசாக நிற்கும், அதை அவர்கள் முதல்முறையாக அங்கே பார்க்கட்டும். விளக்கை அணைத்த பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு மிச்சம் இருக்கிற துண்டுகளைக் காட்டு. பைபிளில் அண்ணன் காயின் தம்பி ஆபேலைக் கொல்கிற காட்சி அதில் ஒன்று, உரிக்க வந்தவர்கள் கண்ணில் படாமல் தப்பித்தது.

மறுநாள் மியூசியம். அங்கே நேராக இயேசுவின் முகத்துக்குப் போகாதே, முதலில் பின்னால் போ. மாடத்தின் வளைவு அப்படியே வரவேண்டும் என்று மரச்சட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள், கவிழ்த்த படகின் வயிறு மாதிரி இருக்கும், மாமாவுக்குப் பிடிக்கும். அப்புறம் முன்னால் வந்து, கீழ்ப் பக்கம் வட்டத்துக்குள் இருக்கிற சம்மனசுகளை, அதாவது தேவதூதர்களைப் பாருங்கள். ஒரு சம்மனசு, நற்செய்தி எழுதிய மாற்குவுக்கு அடையாளமான சிங்கத்தைப் பின்னங்காலைப் பிடித்து நிறுத்துகிறது, இன்னொன்று லூக்காவுக்கு அடையாளமான காளையை வாலைப் பிடித்து. சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரியே! அதற்குக் கீழே அப்போஸ்தலர் வரிசையில் மாதா கையில் ஒரு கிண்ணம், அதிலிருந்து சிவப்பாகக் கதிர் அடிக்கிறது. அதே வரிசையில் நம் தோமையாரும் இருக்கிறார், தலைக்கு மேல் பெயர் எழுதியிருக்கும். மயிலாப்பூரில் அடக்கமான தோமையார் அந்தப் பனிமலையில் நிற்கிறார் என்று அத்தையிடம் சொல், சந்தோஷப்படுவார். அந்த நீலம் ஏரினைட் என்கிற கல்லை அரைத்தது, அந்த மலைப் பக்கமே கிடைப்பது.

பைபிள் கதையில் வருகிற ஏழை லாசரை விட்டுவிடாதே. நாம் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டோம். பணக்காரன் வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு கிடக்கிறான், ஒரு நாய் நாக்கை நீட்டி அவன் புண்ணை நக்குகிறது. ஒல்லி நாய், நம் தெரு நாய்தான். இயேசுவை வரைந்தவன் ராஜாங்கமாக வரைந்துவிட்டான், இந்த நாயை வரைந்தவன் நாயைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறான். உன் போட்டோவில் பாதிதான் விழுந்திருக்கிறது, வால் இல்லை. இந்தத் தடவை முழுசாக எடுத்து அனுப்பு.

கோபுரத்துக்குள் மரப்படி இருக்கிறது, அத்தையை ஏறச் சொல்லாதே, அவருக்கு மூட்டு வலி. மாமா ஏறுவார். மேலே காற்று அடிக்கும், மாப்பிள்ளையிடம் சொல்லி ஸ்வெட்டர் எடுத்துவைக்கச் சொல். அம்மா இட்லிப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறாள்.

அப்பா