இயர்போன் தேர்வு: பெட்டியில் அச்சிட்ட எண்கள் போதா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கிய இயர்போனை மாற்றிவிட்டுச் சற்று நல்லதாக ஒன்று வாங்க விரும்புவோருக்கு வழிகாட்டும் கட்டுரை தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. பலருக்கும் பயன்படும் பொருளை எடுத்துக்கொண்டதற்கு என் நன்றி. எனினும் அக்கட்டுரை ஒவ்வொரு இயர்போனையும் உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், பாஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலி எவ்வளவு அதிரும் என்ற கணக்கிலேயே தரம் பிரித்திருந்தது. காதில் சரியாகப் பொருந்துமா, குரல் தெளிவாகக் கேட்குமா என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. புது வண்ணாரப்பேட்டையில் கைபேசி பழுதுநீக்கும் கடை நடத்துபவன் என்ற முறையில், காசு கொடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை இவ்விரண்டும்தான் என்று உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காதுத் துளைக்குள் செருகும் இயர்போனில், முனையில் உள்ள ரப்பர் காதை இடைவெளியின்றி அடைத்தால்தான் தாழ்ந்த ஒலிகள் முழு அளவில் செவிப்பறைக்குச் சேரும். சிறிது இடைவெளி இருந்தாலும் அவை வெளியே கசிந்துவிடும். உயர்ந்த ஒலிகள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால்தான் பொருந்தாத இயர்போனில் மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்க அடி அடங்கிப்போய், ஜால்ரா மட்டும் கீச்சென்று கேட்கிறது. சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று சோடி ரப்பர்களைப் பெரும்பாலும் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். நடுத்தர அளவு மாட்டப்பட்டே வருவதால், மற்ற இரண்டு சோடிகள் பல வீடுகளில் உறை பிரிக்கப்படாமலே பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகின்றன.

மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புதிய இயர்போனில் பழைய முந்நூறு ரூபாய் இயர்போனில் இருந்த அழுத்தம்கூட இல்லை என்று வருத்தத்தோடு கடைக்கு வந்தார். பாட்டை ஓடவிட்டு, இரு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்தியவுடன் டோலக்கின் அடி திரண்டு வந்தது. விரலை எடுத்தவுடன் போய்விட்டது. வலது காதுக்குப் பெரிய ரப்பரும் இடது காதுக்கு நடுத்தர ரப்பருமாக மாற்றியதும் அவர் குறை தீர்ந்தது. இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே புதிது வாங்க நினைப்பவர்கள், கையில் இருக்கும் இயர்போனுக்கே வேறு அளவு ரப்பரோ ஸ்பாஞ்சு முனையோ மாட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். புதிய இயர்போன் விலையில் ஒரு சிறு பங்குதான் அதற்குச் செலவாகும்.

அடுத்தது பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்கள். ஒலியின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது) 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று முந்நூறு ரூபாய்ப் பெட்டியிலும் போட்டிருக்கும், முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் போட்டிருக்கும். மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லை அது. அந்த எல்லைக்குள் எந்த ஒலியை இயர்போன் தூக்கித் தருகிறது, எதை அமுக்குகிறது என்பதை அந்த எண் சொல்லாது. டிரைவர் 10 மி.மீ. இருப்பதைவிட 13 மி.மீ. இருப்பது உயர்ந்தது என்ற எண்ணமும் அப்படித்தான். பத்து மில்லிமீட்டர் டிரைவரைச் சரியாகப் பண்படுத்தியவர்கள் அதைவிடப் பெரியதை மிஞ்சியிருக்கிறார்கள். விலையும் உறுதியான அளவுகோல் அன்று. அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, அவை வெவ்வேறு அதிர்வெண்களை வெளிப்படுத்தும் விதத்துக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று தெரிவித்தது.

விலை குறைந்த இயர்போன்கள் பலவற்றின் முக்கியமான குறையே மிதமிஞ்சிய பாஸ்தான். கடையில் அரை நிமிடம் கேட்பவரைக் கவர்வதற்காகத் தாழ்ந்த ஒலிகளை ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஏற்றம் ஆண் குரலின் அடிப்படைச் சுருதி இருக்கும் 100, 200 ஹெர்ட்ஸ் பகுதிவரை பரவி, பாடுபவர் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் ஆக்கிவிடுகிறது. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகளைச் சார்ந்தது. அப்பகுதி அமுங்கினால் லகர, ளகர, ழகரங்கள் ஒன்றோடொன்று குழம்பும், சகரம் மழுங்கும். எனவே கடைக்குப் போகிறவர்கள் அதிரடியான பாட்டைப் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், நன்கு பழகிய ஒரு குரலையோ வானொலிச் செய்தியையோ குறைந்த ஒலியில் போட்டு, ஒவ்வொரு எழுத்தும் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் ஏராளம். பேருந்தில் பாடம் கேட்டுக்கொண்டே போகும் அவர்களுக்கு இது பொழுதுபோக்கைத் தாண்டிய தேவை.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணத்தாலும் பொருத்தம் முக்கியமாகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் ஜன்னலோரத்திலும் பாட்டுக் கேட்பவர், வெளிச் சத்தம் உள்ளே வருவதால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் 20 நிமிடங்கள்தான். திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் போய்வருபவர் ஒலியை உச்சத்தில் வைத்துக் கேட்டால், இந்த எல்லையை வாரத்தின் தொடக்கத்திலேயே தாண்டிவிடுவார். இப்படிப் பழுதான உட்செவி உணர்செல்கள் மீண்டும் வளர்வதில்லை. காதை நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் அதே பாட்டைக் குறைந்த ஒலியில் கேட்க முடியும். ஏஎன்சி எனப்படும் இரைச்சல் குறைப்பு வசதி, மெட்ரோ ரயிலின் சீரான உறுமலையும் பேருந்து என்ஜின் ஓசையையும் நன்றாகக் குறைக்கும். திடீரென்று எழும் ஹாரனையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் அந்த அளவுக்குத் தடுக்காது. கூடவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தைக் கடப்பவர்களும் லாரிகள் திரும்பும் முனைகளில் சாலையைக் கடப்பவர்களும் தயவுசெய்து இரு காதுகளிலிருந்தும் கழற்றிவிட்டுக் கடக்க வேண்டும்.

ஒயர் உள்ளதா, ஒயர் இல்லாததா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, ஒரே விலையில் ஒலியின் தரம்தான் வேண்டும் என்றால் ஒயர் உள்ளதையே பரிந்துரைக்கிறேன். ஒயர் இல்லாத பட்ஸ்களில் விலையின் ஒரு பங்கு பேட்டரிக்கும் புளூடூத் சிப்புக்கும் போய்விடுகிறது. அந்தச் சிறு பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்தால் மாற்றிக் கொடுப்பதும் எங்களைப் போன்றவர்களுக்குக் கடினம். ஒயர் உள்ளவற்றில் ஜாக்கின் கழுத்தில்தான் முதலில் ஒயர் அறுந்து ஒரு பக்கம் கேட்காமல் போகும். ஆகையால் ஒயரைத் தனியே கழற்றி மாட்டும் வகையைத் தேர்ந்தெடுத்தால், ஒயரை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மூன்டிராப், ட்ரூதியர், கேஇசட் போன்ற சீன நிறுவனங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே இத்தகைய இயர்போன்களைத் தருகின்றன. கைபேசியில் 3.5 மி.மீ. ஜாக் இல்லாதவர்கள் சார்ஜ் துளையில் செருகும் டைப்-சி டாங்கிள் எனும் இணைப்பை வாங்கும்போது, கைபேசியின் டிஜிட்டல் தகவலை இயர்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றித் தரும் சிப் அதன் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். சிப் இல்லாத மலிவான இணைப்புகள் பல கைபேசிகளில் வேலையே செய்வதில்லை.

பர்மா பஜாரிலோ வேறு எங்கோ வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், இறக்குமதியானால் தயாரான நாடு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பெட்டியில் புகழ்பெற்ற பெயர் அச்சிடப்பட்டிருந்தால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இனி வரும் இயர்போன் கட்டுரைகளை, எழுதுபவர் குறைந்தது சில நாட்களாவது அந்தப் பொருளைப் பேருந்திலும் ரயிலிலும் பயன்படுத்தித் தமிழ்க் குரல்களைக் கேட்டுப் பார்த்த பிறகு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரப்பர்கள் எத்தனை அளவுகளில் வருகின்றன, ஒயரைக் கழற்ற முடியுமா, பழுதானால் சென்னையில் எங்கே கொடுக்கலாம் என்ற விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கைபேசி பழுதுநீக்குபவர்,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை.