சிரப் ஏன் கொடுத்தனுப்பவில்லை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. மன்னார்குடிப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தப்பா நாற்றங்காலே கதி என்று கிடக்கிறார். அம்மா நலம்.

துபாய்க்குக் கிளம்பும் மாமாவிடம், சளி பிடித்திருக்கும் பேரனுக்கு செபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப் இரண்டு பாட்டில் கொடுத்துவிடச் சொன்னாய். நான் கொடுக்கவில்லை. சொந்த மெடிக்கல் வைத்திருக்கும் அப்பா இதைக்கூடச் செய்யவில்லையே என்று உனக்கு வருத்தம் இருக்கும். போனில் சொன்னால் முழுதாகக் கேட்க மாட்டாய்.

மூக்கு ஒழுகும் சாதாரணச் சளி வைரஸால் வருவது. செபிக்ஸிம் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்யும் மருந்து. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆக சளி குறையாது; ஆனால் பிள்ளையின் குடலில் சும்மா இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மேல் மருந்து படும். அங்கேதான் வினை.

சித்தப்பா வயலில் புகையான் பூச்சிக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும்? சாகாமல் தப்பிய பூச்சியின் வம்சம்தான் வயலை நிறைக்கும். குடலிலும் அப்படித்தான். பாக்டீரியா பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழை விழும். எப்போதாவது ஒரு பிழை அதற்கு மருந்தைத் தாங்கும் சக்தி கொடுத்துவிடும். சில பாக்டீரியா மருந்தை வெளியே தள்ளும். சில, மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரக்கும். மற்றவை செத்த இடத்தில் அது பெருகும். குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கொரு முறை இரண்டாகும். ஒரு ராத்திரி போதும்.

பூச்சியிடம் இல்லாத இன்னொரு வித்தையும் பாக்டீரியாவுக்கு உண்டு. பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தில், மருந்தைத் தாங்கும் அந்த மரபணுவை வைத்து, பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கே கொடுத்துவிடும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

டைபாய்டையே பார். 1972இல் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு, அதுவரை கைகொடுத்த குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை. பிறகு வந்த சிப்ரோபிளாக்சசினும் நம் நாட்டில் பெரும்பாலும் பலிக்காமல் போனது. இன்று டாக்டர்கள் நம்பியிருப்பது செப்ட்ரியாக்ஸோன், அஸித்ரோமைசின், நீ கேட்ட இதே செபிக்ஸிம். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செப்ட்ரியாக்ஸோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. ஈ.கோலையிடமிருந்து வந்திருக்கக்கூடிய ஒரு பிளாஸ்மிட் அதில் இருந்தது. வாயால் கொடுக்க அஸித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது.

நாளைக்கு நம் பிள்ளைக்கே நிஜமாகத் தேவைப்படும்போது இந்த மருந்து வேலை செய்ய வேண்டும், கயல். அதற்காகத்தான் மறுத்தேன். இங்கேயும் டாக்டர் சீட்டில்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது. எச் ஒன் பட்டியல் மருந்து இது. நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்தாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் காட்டிவிடு. அவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் சொன்ன அளவு, சொன்ன நாள் கொடு. மிச்சத்தை அடுத்த சளிக்கு எடுத்து வைக்காதே. தண்ணீர் கலந்த சிரப் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. டாக்டரிடம் காட்டும்வரை வெந்நீர், கஞ்சி, மூக்குக்கு உப்புத்தண்ணீர் சொட்டு போதும். டாக்டரிடம் காட்டினால், அவர் என்ன சொன்னார் என்று ராத்திரி போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா