நெப்போலியன் வித்தது நிலமா?

ஆசிரியருக்கு, பிரான்ஸ்கிட்ட இருந்து அமெரிக்கா நிலம் வாங்குன லூசியானா பர்சேஸ் பத்தி ஞாயித்துக்கிழமை வந்த கட்டுரை படிச்சேன். 1803ல ஒன்றரை கோடி டாலருக்கு எட்டு லட்சம் சதுர மைலுக்கு மேல அமெரிக்கா வாங்குச்சு, அடிமாட்டு விலைன்னு எழுதியிருக்கீங்க, கரீபியன் கடல்ல பிரான்ஸ் காலனியா இருந்த ஹைட்டில பிரான்ஸ ஆண்ட நெப்போலியனோட படை சின்னாபின்னமானதாலதான் அவர் வித்தாருன்னும் சரியா சொன்னீங்க, ஆனா அந்த நிலத்துல முக்கால்வாசி பிரான்ஸ் கையிலயே இல்லையே சார்! அங்க இருந்தது ஓசேஜ், மாண்டன், லகோட்டானு பல பூர்வகுடி மக்கள், அமெரிக்காவுக்குக் கிடைச்சது மத்த ஐரோப்பிய நாடு எதுவும் உள்ள வராதுங்கற உரிமைதான், நிலத்த பின்னாடி ஒவ்வொரு மக்கள்கிட்ட இருந்தும் ஒப்பந்தம், மிரட்டல், போர்னு தனித்தனியாத்தான் எடுத்தாங்க. 1808லயே ஓசேஜ் மக்கள் இன்னைக்கு மிசூரி, ஆர்க்கன்சாவா இருக்கற இடத்துல பெரும்பகுதிய எழுதிக் கொடுக்க வேண்டியதாச்சு. அந்தக் கணக்கையும் சேத்தா விலை மலிவா என்ன?

அந்த நிலத்த பாத்துட்டு வர அமெரிக்க அரசு அனுப்பிச்ச லூயிஸ், கிளார்க் 'யாரும் அறியாத' நிலத்த கண்டுபிடிச்சாங்கன்னு போட்டதும் நெருடுது. 1804-05 குளிர்காலத்த மாண்டன் கிராமங்கள் பக்கத்துலதான் ஓட்டுனாங்க, சோளம் அவங்க கொடுத்தது. நான் டியூஷன்ல வரலாறு எடுக்கறேன், உங்க கட்டுரையோட வந்த மேப்ப காட்டுனா பசங்க அங்க ஆளே இல்லன்னுதான் நினைக்கறாங்க. அடுத்த தடவை மேப் போடறப்ப அந்த மக்களோட பேரையும் குறிச்சுப் போடுங்க.

— ஒரு வாசகர், ஈரோடு