நாள் குறிக்க முடியாத பிளவுகள்

அன்புள்ள குமரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். நிலத்தடிப் பாறைகள் ஒன்றையொன்று உரசி வழுக்கும் பிளவு எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருந்தும் நிலநடுக்கம் வரும் நாளை ஏன் சொல்ல முடிவதில்லை என்று கேட்டிருந்தாய். சில மாதங்களாக நான் படித்துவருவதும் இதைத்தான்.

1906-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பிளந்தபோது, அதன் குறுக்கே நேராக ஓடிய வேலிகள் அறுபட்டுப் பல மீட்டர் விலகி நின்றன. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்ட புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட், இருபுறத்துப் பாறைகளும் நெடுங்காலமாக வளைந்துகொண்டே வந்திருக்கின்றன என்றும், உராய்வு தாங்காமல் பிளவு வழுக்கிய நொடியில் அந்த வளைவு நிமிர்ந்ததே அதிர்வு என்றும் 1910-இல் விளக்கினார். புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதே அந்த வளைவுக்குக் காரணம் என்பது பல பதிற்றாண்டுகள் கழித்தே தெளிவானது.

அப்படியானால் வளைவு சேரும் வேகத்தைக் கொண்டு கணக்குப் போடலாமே என்று தோன்றும். அதே பிளவில் உள்ள பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே அளவான நடுக்கங்கள் வந்திருந்ததால், அடுத்தது 1993-க்குள் வரும் என்று ஆய்வாளர்கள் அறிவித்து, கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது. தெளிவான முன்னறிகுறி எதுவும் இல்லை. முந்தைய இரண்டு முறையும் வடக்கிலிருந்து தெற்காகப் பரவிய வழுக்கல், இம்முறை எதிர்த்திசையில் ஓடியது. இதைத் தோல்வி என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிளவின் மேலேயே அத்தனை கருவிகள் விழித்திருந்து பதிவு செய்த நடுக்கங்கள் மிகக் குறைவு.

என்னை அதிகம் ஈர்ப்பது பள்ளம் தோண்டிப் படிக்கும் முறை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேலுள்ள பாலெட் கிரீக் ஓடைக்கரையில் நிலவியலாளர் கெர்ரி சீயும் உடன் பணியாற்றியவர்களும் பிளவுக்குக் குறுக்கே தோண்டி, மக்கிய தாவர அடுக்குகளும் மணலும் எங்கெங்கே அறுபட்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். அறுபட்ட அடுக்குக்கு மேல் அறுபடாத அடுக்கு படிந்திருந்தால், நடுக்கம் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. அந்தக் காலத்தை, மக்கிய தாவரங்களில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிமக் கணிப்பு தரும். பெருநடுக்கங்களின் சராசரி இடைவெளி ஏறக்குறைய 130 ஆண்டுகள் என்று கண்டார்கள். ஆனால் அவை கொத்துக் கொத்தாக வந்திருக்கின்றன: கொத்துக்குள் நூறாண்டுக்கும் குறைவான இடைவெளி, கொத்துகளுக்கு இடையே இருநூறு, முந்நூறு ஆண்டுகள். சராசரியை மட்டும் நம்பி நாள் குறிப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

பக்கத்துப் பிளவு ஒன்று வழுக்கினாலும் இங்குள்ள அழுத்தம் கூடவோ குறையவோ செய்யும் என்பதால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்